பட்டியலில் வராத கைமாத்து

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும்தான் புழங்குகிறது. தெருவுக்கு அவள் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலை ஏழு மணிக்கே "பிரேக், பிரேக், பிரேக்கப் புடிங்க" என்று அவள் குரல் தெருமுனையில் கேட்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆனாலும் நானும் அவளைப் பிரேக்கக்கா என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அவள் என்னை அக்கா என்பாள். எங்கள் வீட்டுக்காரர், "இந்தக் கட்டடத்துல தங்கச்சின்னு ஒருத்தியுமே கெடையாதா" என்பார்.

அவளுடைய வெள்ளைக் கார் சாதாரணக் கார் இல்லை. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவள் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் அவள் பிழைப்பு. கார் போனால் அவளும் பத்தாவது படிக்கும் மகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்தக் காரைத்தான் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். அதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்லத் தொடங்குகிறேன்.

எல்லாம் அவள் தம்பியால் வந்தது. ஜிம் திறக்கப் போகிறேன் என்று கிளம்பினான். சுவர் முழுக்கக் கண்ணாடி, நான்கு டிரெட்மில், வாசலில் தன்னுடைய படமே பெரிதாக, கையை மடக்கிக்கொண்டு. ஊரையே இளைக்க வைக்கப் போகிறேன் என்றான். இளைத்தது அக்கா ஒருத்திதான். ஃபைனான்ஸ் கம்பெனியில் அவன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அவள். பதினாலு மாதத்தில் ஜிம்மைப் பூட்டினான், விமானம் ஏறினான், போன் நம்பரை மாற்றினான். போகும்போது ஜிம் சாவியை மட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான், என்னவோ பெரிய சொத்தை எழுதி வைத்த மாதிரி.

கம்பெனி அவளைப் பிடித்தது. முதலில் சேமிப்பிலிருந்து கட்டினாள். பிறகு ஒரு கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கட்டினாள். அந்தக் கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்த்தாள். இரண்டு வருடம் இப்படிக் கட்டியும் வாங்கின கடன் அப்படியே நின்றது, அதன் தலையில் தாமதக் கட்டணம், தாமதக் கட்டணத்துக்கு வட்டி, அந்த வட்டியை நினைவூட்டிக் கடிதம் போட்டதற்கு ஒரு கட்டணம். கடிதம் போட்டதற்குக் காசு கேட்கிற கம்பெனியை நான் அப்போதுதான் பார்த்தேன். கடைசியில் எல்லாம் சேர்ந்து பதினேழு லட்சத்தில் வந்து நின்றது.

வசூலுக்கு ஒருவனை அனுப்பினார்கள். வெயிலோ மழையோ, கழுத்தில் டை இல்லாமல் வரமாட்டான். நாங்கள் டைக்காரன் என்றோம். குரலை உயர்த்தவே மாட்டான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிக்கட்டில் நின்று, எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி, மிக மரியாதையாக, "மேடம், வெட்கம்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்" என்பான். மகளுடைய பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஃபீஸ் ஒழுங்கா கட்டறாங்களான்னு பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறான். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் நம்பரை எங்கிருந்தோ பிடித்து, ஒவ்வொருவரிடமும் "முன்பணம் குடுத்துடாதீங்க" என்றிருக்கிறான். மாதம் பன்னிரண்டு பேர் வந்த இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். கடனைக் கட்டு என்று கழுத்தைப் பிடிப்பதும் இவன்தான், கட்டுவதற்கான வழியை அடைப்பதும் இவன்தான். எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறார்களோ.

இரண்டாவது மாடி டியூஷன் வாத்தியார் ஒரு நாள் லிஃப்ட் வாசலில் நின்று, "கடன வாங்கிட்டு மஞ்சக் கடுதாசி குடுக்கறவங்களாலதான் நாடே கெட்டுப் போகுது" என்றார். கட்டடப் பராமரிப்புக் காசு ஐந்து மாதமாகத் தராதவர் அவர். அதை நான் உடனே ஞாபகப்படுத்தினேன். லிஃப்ட் வந்துவிட்டது என்று ஏறிவிட்டார். லிஃப்ட் மேலே போகிறது, அவர் போக வேண்டியது கீழே.

பிரேக்கக்காவே ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, "அக்கா, எங்கிட்ட கத்துக்கிட்ட ஒருத்தர் வக்கீலா இருக்காரு. திவால் கேசெல்லாம் பாப்பாராம். நாளைக்குப் போறேன்" என்றாள்.

"தனியாவா? நானும் வரேன் துணைக்கு."

துணைக்கு என்றுதான் சொன்னேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

வக்கீலின் அலுவலகம் டயர் கடைக்கு மேலே. படியேறும்போதே ரப்பர் வாடை. முப்பத்தைந்து வயது இருக்கும், முன்வழுக்கை. கார் டெஸ்டில் மூன்று தடவை தோற்றவர், மூன்று தடவையும் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தவர். பிரேக்கக்கா அவரை ரிவர்ஸ் வக்கீல் என்றுதான் என்னிடம் சொல்வாள். நேரில் சார் என்றாள். முன்பெல்லாம் அந்த வயதுக்காரர்களைத் தம்பி என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லை அவள் விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் போனதும் முதலில் மேசையைத்தான் பார்த்தேன். "மஞ்சப் பேப்பர் எங்க இருக்கு?" என்றேன்.

"வெள்ளப் பேப்பர்லதாம்மா எழுதுவோம்" என்றார். "மஞ்சள் எல்லாம் ஊர் வாயிலதான் இருக்கு."

பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார். "டீச்சர், மொதல்ல தலைய நிமித்துங்க. இது திருட்டுத்தனம் பண்ணவங்க ஒளியற எடம் இல்ல. கட்டவே முடியலன்னு ஆனவங்க நேரா கோர்ட்டுக்குப் போயி, எங்கிட்ட இருக்கறது இது, நான் தர வேண்டியது இது, என்னால முடிஞ்சது இதுன்னு மறைக்காம சொல்ற எடம். மனுவ ஏத்துக்கிட்டாங்கன்னா அந்த நிமிஷத்துலேர்ந்து ஒருத்தனும் உங்களுக்குப் போன் பண்ணக்கூடாது, வாசல்ல நிக்கக்கூடாது. எதுவா இருந்தாலும் கோர்ட் போடற அதிகாரிகிட்டதான் பேசணும்."

"பள்ளிக்கூடத்துக்கும் போன் பண்ணக்கூடாதா?" என்றாள் அவள்.

"பண்ணான்னா எங்கிட்ட சொல்லுங்க. அப்பறம் அவன் பதில் சொல்லணும்."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"காரு?" என்று நான்தான் கேட்டேன்.

"துணிமணி, பாத்திரம், படுக்கை, தொழில் செய்யற கருவி, இதுல எல்லாம் ஒரு மதிப்பு வரைக்கும் கை வைக்க முடியாது. டீச்சருக்குக் காருதான் கருவி. அது மேல தனியா கடனும் இல்ல. காப்பாத்தலாம். ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் சொல்லணும். ஒரு சொத்த மறைச்சாலோ, ஒரு கடன விட்டாலோ, கோர்ட் நம்பிக்கைய எடுத்துடும். அப்பறம் காரும் போயிடும், கடனும் அப்படியே கழுத்துல நிக்கும்."

எனக்கு ஒரு சந்தேகம். "இந்த மனுவ நாமளே எழுதிப் போட முடியாதா தம்பி? வக்கீல் எதுக்கு?"

பிரேக்கக்கா என்னை முறைத்தாள். அவர் கோபப்படவில்லை. "போடலாம்மா. ஃபாரம் இருக்கு, யார் வேணும்னாலும் நெரப்பலாம். காரும் யார் வேணும்னாலும் ஓட்டிக் கத்துக்கலாம், பக்கத்து சீட்டுல பிரேக் இல்லாமலே. நான் ஆள் மேல இடிக்காம கம்பத்துல மட்டும் இடிச்சதுக்குக் காரணம் டீச்சர்."

பேப்பரை எடுத்தார். "சொல்லுங்க. யார் யாருக்குக் கடன் தரணும்? ஒருத்தர் விடாம."

அவள் சொன்னாள். ஃபைனான்ஸ் கம்பெனி. இரண்டு கார்டு. டயர் வாங்கிய கடையில் பாக்கி, அது அதே கட்டடத்தின் கீழ்க் கடை. மகளுக்குப் பல்லில் கம்பி கட்டிய டாக்டருக்குப் பாதி.

"வேற?"

"வேற கடன் இல்ல சார்."

"நல்லா யோசிங்க. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க?"

"சொந்தக்காரங்க எங்க குடுத்தாங்க, வாங்கிட்டுதான் போனாங்க."

அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். போன வருடம் காரின் கியர்பாக்ஸ் போனபோது நாற்பதாயிரம் கொடுத்தவள் நான். துணி அலமாரியில், குளிர்காலப் போர்வைக்கு அடியில் இருந்த பணம். ஆனால் அது கடன் இல்லையே, கைமாத்து. சீட்டு எழுதவில்லை, வட்டி பேசவில்லை, தேதி வைக்கவில்லை. அவள் வாயிலும் அது வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. இன்னும் சொல்லப்போனால், அவள் அதைக் கடன் பட்டியலில் சேர்த்திருந்தால் எனக்கு முகம் சுருங்கியிருக்கும். டைக்காரன் கம்பெனி இருக்கிற வரிசையில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறாளா என்று.

கிளம்பும்போது வக்கீல் படி வரை வந்தார். "டீச்சர், இன்னிலேர்ந்து யாருக்கும் தனியா பணம் குடுக்காதீங்க. யாருக்குமே. ஒருத்தருக்குக் குடுத்து மத்தவங்களுக்குக் குடுக்கலன்னா அது பெரிய தப்பு."

"சரி சார்" என்றாள். நானும் தலையாட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

ஆறாவது நாள் காலை, நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கதவைத் தட்டினாள். கையில் பழுப்பு உறை.

"என்ன இது?"

"உங்களுதுதான் அக்கா. நாப்பதும் இருக்கு. எண்ணிக்குங்க."

"இப்ப எதுக்குடி இது? உனக்கே தலைக்கு மேல இருக்கு."

"அதான். அடுத்த வாரம் மனு போடறாங்க. அப்பறம் என் கையில காசே இருக்காது. கடன்காரன் எல்லாம் கோர்ட்ல பாத்துக்கட்டும். கைமாத்த வெச்சுக்கிட்டு நான் எப்படி அக்கா உங்க மூஞ்சில முழிக்கறது?"

எப்படிச் சேர்த்தாள் என்று கேட்டேன். காதில் கிடந்ததும் கழுத்தில் கிடந்ததும் போயிருந்தது, கேட்டிருக்கவே வேண்டாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வாங்கிக்கொண்டேன். அதே வாரம் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே துணி சுற்றுவது தெரியும். நான் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததாக எங்கள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். இரண்டு நாள்தான் உட்கார்ந்தேன்.

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். போன் நின்றது. படிக்கட்டில் டைக்காரன் குரல் கேட்காமல் ஒரு வாரம் போனது. மகள் சத்தமாகப் பாட்டுப் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவன் என் கதவைத் தட்டினான். அவள் வாசலில் நிற்கத்தானே தடை, என் வாசலுக்குத் தடை இல்லையே.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். பக்கத்துல இருக்கறவங்க ரெண்டு வார்த்தை சொன்னா ரிப்போர்ட் எழுத வசதியா இருக்கும். அவங்க எப்படிப்பட்டவங்க?"

விரட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், உள்ளே உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். இவன் வாயை அடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவள் எப்பேர்ப்பட்டவள் என்று தெரியட்டும் என்று.

"எப்படிப்பட்டவளா? உங்க கம்பெனிக்கு அவளோட அருமை என்ன தெரியும்" என்றேன். "எனக்கு நாப்பதாயிரம் தர வேண்டியிருந்துச்சு. நான் கேக்கவே இல்ல. மனு போடறதுக்கு மொத வாரம், நகைய வித்து, வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போனா. அவளப் போயி ஏமாத்துக்காரின்னு சொல்றீங்களே."

"அப்படிங்களா" என்றான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "மனுவுக்கு மொத வாரம். நாப்பதாயிரம். நகைய வித்து." ஒவ்வொன்றாக எழுதினான். பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டான். "ரொம்ப நல்ல மனசு மேடம் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பாராட்டை அன்று சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூசுகிறது.

கடன் கொடுத்தவர்களைக் கூட்டி விசாரிக்கும் நாளன்று நான் போகவில்லை, வீட்டுக்குப் பிளம்பர் வருவதாக இருந்தது. மதியம் படியேறும் சத்தம் கேட்டது. பிரேக்கக்காவின் நடை எனக்குத் தெரியும், இரண்டு படியை ஒன்றாகத் தாண்டுவாள். அன்று ஒவ்வொரு படியிலும் நின்றாள். பின்னாலேயே வக்கீல். அவர் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை, நேராக என் வீட்டுக்குள் வந்தார்.

"அம்மா, நாப்பதாயிரம் வாங்கினீங்களா?"

"ஆமா. என் பணம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல? மூணு தடவ கேட்டேனே. நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

"நீங்க கடன்தானே கேட்டீங்க. அது கைமாத்து."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். கோபத்தில் கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அம்மா, சட்டத்துல கைமாத்துன்னு தனியா ஒரு ரகம் கெடையாது. தரணும்னா அது கடன். டீச்சர் ஒரு கடன மறைச்சாங்க, அதுவும் போதாதுன்னு நகைய வித்து, மனுவுக்கு முன்னாடி வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும் கட்டினாங்க. கம்பெனி வக்கீல் இன்னிக்கு இதத்தான் படிச்சாரு. இவங்க நேர்மையில்லாதவங்க, மனுவத் தள்ளுங்க, கார ஏலத்துக்கு விடுங்கன்னு. அதிகாரி ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காரு. யாரு சொன்னதுன்னு பாத்தா, டீ குடுத்து நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

பிரேக்கக்கா கதவில் சாய்ந்து நின்றாள். என்னைத் திட்டவில்லை. "என் தப்புதான் சார். அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாங்க" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டேன். "அதாவது தம்பி, வாங்குன காசுக்கு மேல ரெண்டு மடங்கு பிடுங்கினவன் நேர்மையானவன். கேக்காத காச நகைய வித்துக் குடுத்தவ நேர்மையில்லாதவ. இதுதானா உங்க சட்டம்?"

"அது சட்டத்தோட ஒரு பக்கம்மா" என்றார். "இவங்க மாதிரி நல்லவங்க மட்டும் திவால் ஆகறதில்லையே. ஒருத்தன் இருக்கற காசையெல்லாம் மச்சானுக்குக் குடுத்துட்டு, எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு மத்தவங்களுக்குக் கை விரிச்சா? அதத் தடுக்கத்தான் இந்த விதி. டயர் கடைக்காரருக்கும் பல் டாக்டருக்கும் பங்கு வரணுமில்ல?"

டயர் கடைக்காரர் நல்ல மனிதர். அதனால் கொஞ்சம் அடங்கினேன்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"அந்தப் பணத்த ரிவர்ஸ் எடுக்கணும். நீங்க அதிகாரிகிட்ட கட்டிடணும். கட்டிட்டு, எனக்கும் கடன் தரணும்னு மத்தவங்களோட வரிசையில நிக்கணும். என்ன பங்கு வருதோ அதுதான்."

"நான் மெஷின் வாங்கிட்டேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளே அது துணியைப் பிழிந்துகொண்டு அதிர்ந்தது. எல்லோருக்கும் கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார். "அவ தருவா சார். மெஷின் கடையில பாதி தருவான், மீதிக்கு என் பல்லு செட்டு தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும். இவ பேசறதக் கேக்கறதுக்குப் பல்லு எதுக்கு."

வக்கீல் எழுந்தார். நான் அவரை விடவில்லை. டைக்காரனுக்கு ஒரு தடவையாவது வலிக்க வேண்டும் எனக்கு. "கூடாதுன்னு சொன்ன பிறகும் அவன் வந்தான் தம்பி. கார் கண்ணாடியில வைப்பருக்குக் கீழ கடுதாசி சொருகிட்டுப் போனான். அதுக்கு ஒண்ணுமில்லையா?"

அவர் திரும்பினார். "எந்தக் கடுதாசி?"

பிரேக்கக்காவும் திரும்பினாள். "எனக்கு ஒரு கடுதாசியும் வரலையே."

வராது. நான்தான் எடுத்துப் படித்தேனே. படித்துவிட்டு, அவள் பார்த்தால் மனசு கஷ்டப்படுவாள் என்று சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டேன். வேறொருத்தர் கடிதத்தை எடுத்துப் படிப்பது தப்பு என்று எனக்குத் தெரியாதா என்ன. கொண்டுவந்து கொடுத்தேன். கம்பெனி பெயர் அச்சடித்த தாள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கட்டாவிட்டால் காரை எடுத்துச் செல்வோம் என்று இருந்தது. கீழே கையெழுத்து, தேதி. கோர்ட் தடை போட்டு நான்காவது நாள்.

ரிவர்ஸ் வக்கீல் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. "அம்மா, நீங்க வாயத் திறந்தது தப்பு. இழுப்பறையத் திறந்தது நல்லது" என்றார்.

அடுத்த விசாரணைக்கு நானும் போனேன். கோர்ட் என்றால் உயரமான மேடை, கூண்டு என்று நினைத்திருந்தேன். ஒரு நீள மேசை, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். எதிரே கம்பெனி வக்கீல், பக்கத்தில் டைக்காரன். என்னைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். உறையை மேசையில் வைத்தேன்.

"இது நீங்க குடுத்த கடனா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. கைமாத்து."

கம்பெனி வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சீட்டு இல்லீங்க. வட்டி இல்ல. திருப்பிக் குடுன்னு கேக்கவும் மாட்டோம்."

"கேட்டா?"

"கேட்டுட்டா அது கடனாயிடும்."

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். துடைக்க நேரமானது. "அதனாலதான் பட்டியல்ல எழுதலையா?" என்று பிரேக்கக்காவைக் கேட்டார்.

"ஆமா சார். கடன்னு எழுதினா அக்காவ அசிங்கப்படுத்தற மாதிரி இருந்துச்சு."

ரிவர்ஸ் வக்கீல் எழுந்தார். அன்று அவர் எதிலும் இடிக்கவில்லை. பட்டியலைத் திருத்திக் கொடுத்திருக்கிறோம், பணம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது, யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை, இது அறியாமல் செய்தது என்றார். பிறகு அந்தக் கடிதத்தை நீட்டினார். "நேர்மையப் பத்திக் கம்பெனி நெறைய பேசிச்சு சார். கோர்ட் தடைக்குப் பின்னாடி அவங்க எழுதினது இது."

அதிகாரி படித்தார். டைக்காரனைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தா?"

"அது வழக்கமா கம்ப்யூட்டர் அனுப்பற கடுதாசி சார்."

"கம்ப்யூட்டரா வந்து வைப்பருக்கு அடியில சொருகிச்சு?" என்று கேட்டது நான். என்னை உட்காரச் சொன்னார்கள்.

காரை விற்றால் நாலு லட்சம் வரும் என்றது கம்பெனி. அதிகாரி கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கைக் காலால் அழுத்தினார், விட்டார், மறுபடியும் அழுத்தினார். "இத வெச்சுக்கிட்டு இவங்கதான் எதாவது பண்ண முடியும்" என்றார். "விட்டா மாசா மாசம் கட்டற வழியும் போயிடும்."

கார் அவளிடமே இருக்கலாம். மூன்று வருடத்துக்கு மாதாமாதம் அவள் வருமானத்தில் ஒரு பங்கு அதிகாரியிடம் கட்ட வேண்டும், அவர் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினால் மீதி அத்தனையும் ரத்து. தடையை மீறியதற்குக் கம்பெனிக்கு அபராதம், அது அவர்கள் டீ செலவுக்குக்கூடக் காணாது. டைக்காரன் வேலையும் போகவில்லை. பார்க்கிங்கில் பைக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆல் த பெஸ்ட் மேடம்" என்றான். இவர்களுக்கெல்லாம் எதுவும் ஆகாது. ஓடிப்போன தம்பிக்கும் எதுவும் ஆகவில்லை. அதே மாதம் எங்கிருந்தோ போன் செய்து, "அக்கா, உனக்குத்தான் எல்லாம் கிளியர் ஆயிடுச்சாமே" என்றானாம். அவள் என்ன பதில் சொன்னாள் என்று என்னிடமே சொல்லவில்லை. அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஃபாரம் நிரப்பினேன். கடனின் தன்மை என்று ஒரு கட்டம் இருந்தது. கைமாத்து என்று எழுதினேன். குமாஸ்தா அடிக்கச் சொன்னான், நான் அடிக்கவில்லை. அப்படியே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டான்.

மூன்று வருடம் நான் கையால் துவைத்தேன். வருடத்துக்கு ஒரு தடவை எனக்கும் பங்கு வந்தது. நாற்பதாயிரத்துக்கு மூன்று தடவையும் சேர்த்து ஆறாயிரத்து இருநூறு. டைக்காரன் கம்பெனிக்கும் அதே விகிதம். அவன் வட்டியும் என் போர்வைக்கு அடியில் இருந்த பணமும் ஒரே தராசில். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

விடுவிப்பு ஆணை வந்த அன்று வக்கீல் அவளிடம் போனில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "இனிமே யாருக்கும் நீங்க எதுவும் தர வேண்டியதில்ல டீச்சர். இஷ்டப்பட்டு யாருக்காவது குடுத்தா, அது உங்க இஷ்டம். கோர்ட் கேக்காது."

மறுநாள் காலை கதவைத் தட்டினாள். கையில் உறை இல்லை, கார் சாவி.

"என்னடி?"

"மீதி முப்பத்து மூவாயிரத்து எண்ணூறு இருக்கு. காசாக் குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. ஏறுங்க அக்கா."

"எனக்கு அம்பத்தெட்டு வயசுடி."

"ரிவர்ஸ் வக்கீலே கத்துக்கிட்டாரு. ஏறுங்க."

ஏறினேன். நான்கு வாரத்தில் கிளட்ச் என்பது என்ன என்று தெரிந்தது. ஐந்தாவது வாரம் கடைத்தெருப் பக்கம் கூட்டிப்போனாள். பத்தரை மணி இருக்கும். எதிரே ஜீப்ரா கிராசிங்கில் ஒருவன் தெருவைக் கடந்துகொண்டிருந்தான். கையில் ஃபைல், கழுத்தில் டை. காரை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், பாதி வழியில் நின்று, உள்ளே யார் என்று குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்ததும் சிரித்து வணக்கம் வைக்கக் கையை எடுத்தான்.

என் கால் அப்போது எந்தப் பெடலில் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கார் நின்றது. அவன் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நிறுத்தியது நான் இல்லை.